வாய்க்குள்ளே ஒரு வரிசை

அந்தப் பெண் குழந்தைக்குப் பதிவேட்டில் நல்ல அழகான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் வீட்டில் அவளைக் கூப்பிடுவது 'பூட்டு' என்றுதான். ஆறு மாதத்தில் முதல் ஸ்பூன் வாய்க்கு வந்தபோது உதட்டை இறுக்கி மூடினாள் பாருங்கள், அன்றைக்கு வைத்த பெயர் அது. அம்மா பாடினாள், அப்பா ஆடினார், ஸ்பூன் விமானமாய்ப் பறந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. இப்போது அவளுக்கு நாலரை வயது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவளோ, முயலுக்கு ஏன் நான்கு கால் என்று யாராவது சொல்லும்வரை முயலையே பார்க்க மாட்டாள்.

அப்பா பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை, அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். முன்னறையில் டாக்டர் வாயை அளந்து அச்சு எடுத்துக் கொடுப்பார். பின்னறையில் இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, செட்டாக்கிக் கொடுப்பார். பதினெட்டு வருட அனுபவம். தெருவில் எல்லாருக்கும் அவர் செட்காரர். யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால், முகத்தைப் பார்க்காமல் பல்லைத்தான் பார்ப்பார். தொழில் புத்தி, என்ன செய்வது!

திங்கட்கிழமை சாயங்காலம் பாலர் பள்ளியில் மிஸ் அவரை நிறுத்திப் பேசினாள். சின்ன வயதுதான், நல்ல பெண்தான், ஆனால் கையில் ஒரு படிவம் வைத்திருந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எட்டு மாசம் ஆச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் மெய்யெழுத்து வரிசை சொல்லிடுது. இவ ஒரு எழுத்துகூட வாயத் திறந்து சொல்ல மாட்டேங்கறா. வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன். அப்பவும் சொல்லலைன்னா, கொஞ்சம் மந்தம்னு எழுதி, சின்னப் பிள்ளைங்களோடயே இன்னொரு வருஷம் வைக்கணும். எனக்கு வேற வழி இல்ல."

மந்தம். அந்த ஒரு சொல் செட்காரர் நெஞ்சில் ஆணியாய் இறங்கியது. காரணம் இருக்கிறது. முதல் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தவர் அவர். இக், இங், இச், இஞ் வரைக்கும் எப்படியோ வந்துவிடுவார். "இஞ்சுக்கு அப்புறம் என்னடா?" என்று வாத்தியார் ஸ்கேலைத் தூக்கியதும் எல்லாம் மறந்துபோகும். உள்ளங்கை சிவக்கும். மண்டு என்று பெயர் வந்தது. தன்னுடன் படித்தவர்கள் மேலே மேலே போக, தான் மட்டும் புதிது புதிதாய் வரும் சின்னப் பிள்ளைகள் நடுவில் பனைமரம் மாதிரி உட்கார்ந்திருந்தது அவருக்கு இன்னும் கனவில் வரும். இப்போதும் ஒரு பட்டியலில் பெயர் தேட வேண்டுமென்றால் கை வியர்க்கும். மண்டு ரத்தம் மகளுக்கும் வந்துவிட்டதோ? மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத பயம் அது.

அன்றைக்குச் செய்துகொண்டிருந்த மேல் செட் ஒன்றைத் தேய்க்கும்போதும் அவர் மனது அங்கே இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயும் புதனும் வீடு போர்க்களமானது.

"இக் சொல்லுடா தங்கம். இக், அப்புறம் இங்."

"இக்குக்கு அப்புறம் ஏன் இங்?"

"அது அப்படித்தான்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அவ்வளவுதான், பூட்டு விழுந்தது. பலூன் காட்டினார். பிஸ்கட் காட்டினார். கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். கல்லில்கூட நார் உரித்துவிடலாம் போலிருந்தது.

அவள் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்க வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவள், சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "விடுங்க. முன்னால போற லாரி வழி விடலைன்னா எத்தன ஹார்ன் அடிச்சாலும் விடாது. அவன் பாட்டுக்குப் போவான்."

"உனக்கு விளையாட்டா இருக்கு. வெள்ளிக்கிழமை மந்தம்னு எழுதிடுவாங்கடி!"

"எழுதட்டுமே. எம் பொண்ணு மந்தமா இல்லையானு எனக்குத் தெரியாதா?"

"ஒரு தடவ எழுதினா அந்தப் பேரு போகாது. உனக்குத் தெரியாது அது." என்றார் செட்காரர். மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முதுகைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பள்ளி விடுமுறை, அம்மாவுக்கோ வேலை. ஆகவே பூட்டு அப்பாவோடு பின்னறைக்கு வந்தாள். அங்கே அவளுக்கென்று ஒரு உயரமான ஸ்டூல் உண்டு. மெழுகு விளக்கைத் தொடக்கூடாது, அரைக்கும் மெஷின் பக்கம் போகக்கூடாது, மற்றபடி ராஜாங்கம் அவளுடையது. அலமாரி நிறைய ஊராரின் வாய்கள், வெள்ளைப் பிளாஸ்டரில் வரிசையாக இருக்கும். அவள் அவற்றுக்கு வணக்கம் சொல்வாள். எழுத்துதான் சொல்ல மாட்டாளே தவிர, பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

பத்து மணிக்குக் கதவு படீரென்று திறந்தது. ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் அம்மாள். ஈறு நோயில் மேல் பல்லெல்லாம் போய், புதன்கிழமைதான் புது செட் மாட்டிக்கொண்டு போனவள்.

"என்ன தம்பி செஞ்சு வெச்சிருக்க? 'ச'னு வந்தாலே வாயில விசில் அடிக்குது! நேத்து நான் மைக்கப் போட்டு 'சற்று நேரத்தில்'னு ஆரம்பிச்சேன். வண்டி கெளம்பிடுச்சுனு நெனச்சு நாலு பேரு பெட்டியத் தூக்கிட்டு ஓடறாங்க!"

பூட்டு கைகொட்டிச் சிரித்தாள். செட்காரர் சிரிக்கவில்லை. செட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். முன்பல்லுக்குப் பின்னால், மேல்வாயைத் தொடும் இடத்தில், ஒரு நூல் கனம் கூடுதலாக விட்டிருந்தார். திங்கட்கிழமை வேலை. அவர் கைக்கு இப்படி ஒரு பிழை வந்து பத்து வருடமாவது இருக்கும்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. அன்னிக்கு என் கவனம் வேற எங்கயோ இருந்துடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

கேட்டதுதான் தாமதம், மனுஷன் கொட்டிவிட்டார். மிஸ், படிவம், வெள்ளிக்கிழமை, எல்லாம். மூன்று வருடம் முதல் வகுப்பில் உட்கார்ந்ததை மட்டும் சொல்லவில்லை. அறிவிப்பு அம்மாள் ஸ்டூலின் பக்கம் திரும்பினாள்.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்குத்தான் பல்லு போச்சு. வாய் நெறைய பல்ல வெச்சுக்கிட்டு உனக்கென்னடி கேடு?"

பூட்டு அவளையே பார்த்தாள். வாய் பூட்டிக்கொண்டது.

செட்டைச் சரிசெய்ய அவருக்கு ஒரு முறை உண்டு. மேல் செட்டின் கூரையில், அதாவது மேல்வாயை மூடும் பகுதியில், மாவு போன்ற வெள்ளைப் பவுடரை மெல்லிசாகத் தூவுவார். அதை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு ஒலியைச் சொல்லச் சொல்வார். உடனே கழற்றினால், நாக்கு எங்கே தொட்டதோ அங்கே பவுடர் அழிந்திருக்கும். அதைப் பார்த்து எங்கே தேய்க்க வேண்டும் என்று கணக்குப் போடுவார். ஒரு துண்டு அட்டையில் செட்டின் வடிவத்தைக் குதிரை லாடம் மாதிரி வரைந்து, அழிந்த தடத்தை அதில் பென்சிலால் நிரப்பி வைத்துக்கொள்வார். அட்டையின் பின்பக்கம் என்ன எழுத்து என்று குறிப்பார். வழக்கமாகத் தகராறு பண்ணும் எழுத்தை மட்டும்தான் கேட்பார். இன்றைக்கு ஓரக்கண்ணால் மகளைப் பார்த்துக்கொண்டே ஒரு தந்திரம் செய்தார்.

"அக்கா, எதுக்கும் எல்லாத்தையும் பாத்துடுவோம். இக், இச், இட், இத், இப். ஒவ்வொண்ணா, சத்தமா சொல்லுங்க."

காதிலாவது விழட்டுமே என்றுதான். வேறு பெரிய யோசனை ஒன்றும் அவரிடம் இல்லை.

அறிவிப்பு அம்மாள் மைக்கில் சொல்லும் அதே கம்பீரத்தோடு, ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். தூவினார், மாட்டினாள், சொன்னாள், கழற்றினார், வரைந்தார். ஐந்து அட்டை ஆனது. அவற்றை மேசையில் போட்டுவிட்டு, செட்டைத் தேய்க்க மெஷினைப் போட்டார். மெஷினின் காற்றில் அட்டைகள் பறந்து தரையெல்லாம் சிதறின.

"பொறுக்கி வைடா கண்ணு," என்றார் திரும்பாமலே.

நூல் கனத்தைத் தேய்க்க ஐந்து நிமிடம் ஆனது. மெஷினை நிறுத்தித் திரும்பியபோது பூட்டு மேசையில் அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். படம் மேலே, எழுத்து கீழே. தாடையைக் கையில் தாங்கி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது நடந்து வருது."

"எதுடா?"

"இது." முதல் அட்டையைத் தொட்டாள். லாடத்தின் பின்விளிம்பில், தொண்டையை ஒட்டி, லேசாக ஒரு கறுப்பு. "இங்க தொண்டைகிட்ட இருக்கு." அடுத்தது, கூரை நடுவில் அகலமான தடம். "இங்க நடுவுல வந்துடுச்சு." அடுத்தது அதற்கு முன்னால், நாக்கு நுனி மடிந்து தொட்ட நகக்கண் அளவுப் பொட்டு. அதற்கடுத்தது பல்லின் அடியிலேயே ஒட்டிக்கொண்ட கோடு. கடைசி அட்டை வெறுமையாய், ஒரு தடமும் இல்லாமல் இருந்தது.

"இது ஏன்டி ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டாள் அறிவிப்பு அம்மாள்.

"வெளிய வந்துடுச்சு," என்று பூட்டு தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க அப்போ உதடு மூடினீங்க. நான் பாத்தேன்."

செட்காரர் முதல் அட்டையைத் திருப்பினார். இக். சரி, குருட்டுப்பூனை விட்டத்தில் பாய்ந்தது என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவதைத் திருப்பினார். இச். மூன்றாவதை அவசரமாய்த் திருப்பினார். இட். அப்புறம் இத். கடைசி வெற்று அட்டைக்குப் பின்னால், அவர் கையெழுத்திலேயே, இப்.



ஐயோ, இது என்ன! எழுத்தைப் பார்க்காமல், வாயின் தடத்தை மட்டும் பார்த்து ஒரு நாலரை வயசுப் பிள்ளை அடுக்கியிருக்கிறது. அது நம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த அதே வரிசையாக வந்து நிற்கிறது! தொண்டையில் புறப்பட்டு, ஒவ்வொரு அடியாய் முன்னால் வந்து, உதட்டு வாசலில் முடிகிறது. பதினெட்டு வருடமாய்ப் பவுடர் தூவியவர் அவர். ஆயிரம் வாய்களின் உள்ளே பார்த்தவர். ஒரு நாளும் அவர் வரிசையாய்க் கேட்டதில்லை, அதனால் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"நடுவுல இங், இஞ் எல்லாம் எங்கப்பா?" என்றாள் பூட்டு.

அப்போதுதான் செட்காரருக்கு உறைத்தது. இவளுக்கு வரிசை தெரியும்! எட்டு மாதமாய்த் தெரியும்! காரணம் சொல்லாமல் கேட்டார்கள் என்பதால்தான் கழுதை வாயைப் பூட்டிக்கொண்டிருக்கிறது.

செட்டை மறுபடி மாட்டி, இங் சொல்லிப் பார்த்தார்கள். இக்கின் தடம்தான் வந்தது. இண் சொன்னால் இட்டின் தடம். இம் சொன்னால் இப் மாதிரியே வெற்றுக் கூரை. இடம் ஒன்றாக இருக்கும்போது ஒலி மட்டும் எப்படி மாறுகிறது? செட்காரர் தலையைச் சொறிந்தார். அறிவிப்பு அம்மாள்தான் தொடையைத் தட்டினாள்.

"அட, எனக்குத் தெரியும் தம்பி! சளி பிடிச்சு மூக்கடைச்சா மைக்ல எனக்கு 'ம' வராது, 'ப'தான் வரும். ஒருநாள் முழுக்க 'பக்களே, பக்களே'னு கூப்ட்டிருக்கேன்!"

பூட்டு உடனே தன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இப் என்றாள், தாராளமாய் வந்தது. இம் என்றாள், அடைத்துக்கொண்டது. கண் அகலமாய் விரிந்தது அவளுக்கு. இத், வந்தது. இந், அடைத்தது. பிடித்தபடியே எழுத்தெழுத்தாய்ப் பின்னோக்கிச் சொல்லித் தொண்டைவரைக்கும் போய்வந்தாள். மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காட்சியை முன்னறையிலிருந்து எட்டிப்பார்த்த டாக்டர், ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"ஒண்ணு வாய், ஒண்ணு மூக்கு," என்றாள் பூட்டு. "ஒவ்வொருத்தரும் ஜோடியா நடந்து வர்றாங்க அப்பா!"

செட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் நிறைந்திருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"யாருக்கா இத அடுக்கினது?" என்றார் மெதுவாக. "பவுடர் இல்ல, செட் இல்ல, கண்ணாடி இருந்துச்சோ என்னவோ. எப்பவோ ஒரு ஆள் இருட்டா இருக்கற தன் வாய்க்குள்ள தானே எறங்கிப் போயி, தொண்டையிலேருந்து உதடு வரைக்கும் ஒவ்வொரு அடியா தடவிப் பாத்துருக்கானே! நம்ம கையில அத அப்படியே குடுத்துட்டுப் போயிருக்கானே! நாம அத ஸ்கேலால அடிச்சுல்ல சொல்லிக்குடுத்தோம்..."

அறிவிப்பு அம்மாள் நாக்கை வாய்க்குள் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது 'சற்று நேரத்தில்' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். விசில் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை. பள்ளியில் மிஸ் மேசைக்குப் பின்னால், படிவம் மேசைமேல். பென்சிலில் ஏதோ எழுதிக்கூட வைத்துவிட்டாள், செட்காரர் தலைகீழாகவே படித்துவிட்டார். 'ம' என்று ஆரம்பிக்கும் சொல்தான்.

"எங்க சொல்லு பாக்கலாம். இக்குக்கு அப்புறம் என்ன?"

பூட்டு வாயைத் திறக்கவில்லை.

செட்காரர் குனிந்து மகளைப் பார்த்தார். நேற்று அவ்வளவு சொன்னாளே! இரவு அம்மாவின் மூக்கைப் பிடித்து, அம்மாவையும் சொல்லவைத்துத்தானே தூங்கினாள்! மிஸ் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தாள். பென்சிலில் எழுதியதன்மேல் மையைப் பூசப் போகிறாள். தானே சொல்லிவிடலாமா என்று செட்காரரின் வாய் துடித்தது. உள்ளங்கை சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்," என்றாள் பூட்டு. "ஏன்னு கேளுங்க."

"என்னது?"

"என்னனு கேக்காதீங்க. ஏன்னு கேளுங்க."

மிஸ் செட்காரரைப் பார்த்தாள். அவர் கையைக் கூப்பாத குறையாக நின்றார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி தாயே. இக்குக்கு அப்புறம் ஏன் இங்?"

"மூக்கப் பிடிங்க."

பிடித்தாள். பாவம், வேறு வழி? பூட்டு ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொன்னாள், மிஸ் சொன்னாள். இங்கில் அடைத்துக்கொண்டபோது மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது. இச்சில் நாக்கு எங்கே தொடுகிறது என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். இட்டில் அவள் முகம் மாறியது. இத்துக்கு வந்தபோது மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, தன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். இப்பில் உதடு மூடியது. இம்மில் மூடியபடியே இருந்தது.



"ஏழு வருஷமா சொல்லிக்குடுக்கறேன் சார்," என்றாள் மிஸ். "ஏழு வருஷமா."

"அதுக்கப்புறம் வர்ற ய, ர, ல எல்லாம் ஏன்னு இன்னும் தெரியல," என்றாள் பூட்டு, பெரிய மனுஷி மாதிரி. "தெரிஞ்சதும் சொல்றேன்."

மிஸ் ரப்பரைத் தேடி எடுத்தாள். பென்சில் எழுத்தை அழித்தாள். ஒரு தடவை அழித்தது போதும், ஆனால் தாள் கசங்கும்வரை அழித்தாள். ரப்பர் துகளை ஊதிவிட்டு, 'மேல் வகுப்புக்கு' என்று மையில் எழுதினாள்.

படிக்கட்டு இறங்கும்போது செட்காரர் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீ குட்டிப் பையனா இருந்தப்போ ஏன்னு கேட்டியா?"

"இல்லடா. எனக்குக் கேக்கத் தெரியல. அதனால என்னை மூணு வருஷம் ஒரே வகுப்புல உக்கார வெச்சுட்டாங்க." முதல் தடவையாக அதை ஒருவரிடம் சொன்னார். அதுவும் யாரிடம்!

பூட்டு கொஞ்சம் யோசித்தாள். அவர் உள்ளங்கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு. நான் அடிக்க மாட்டேன்."

இக் என்றார் செட்காரர். இங். இச். இஞ். நாற்பது வருடமாய் அவர் விழுந்துகொண்டிருந்த பள்ளம் அது. நாக்கு அடுத்த அடிக்குத் தானாகவே முன்னால் நகர்ந்து, நுனி மடிந்து மேலே தொட்டது. இட். வந்துவிட்டது! இண், இத், இந், இப். கடைசியாக இம் என்று உதட்டை மூடினார். மூடியது மூடியதுதான். திறந்தால் அழுகை வெளியே வந்துவிடும் என்று தெரிந்து, அப்படியே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குட்டி விரலால் அவர் உதட்டைத் தட்டினாள்.

"அப்பா, தொற."